பொட்டலம் நிறைய வந்தது, மனு ஒன்றுகூடப் போகவில்லை

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் இரக்கத்துக்குப் பஞ்சம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெருவில் கிடக்கிற மனுஷரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே "மனிதாபிமானம் செத்துப்போச்சு" என்று ஒரு வரி போட்டுவிடுகிறார்கள், நான் கண்ணால் பார்த்தது அப்படி இல்லை. மனநிலை சரியில்லாத ஒரு பச்சைச்சேலை அம்மா டைம் கீப்பர் அறைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்ததிலிருந்து காலையில் டீக்கடை பன்னும் டீயும், மதியம் யாராவது சாம்பார் சாதம், ராத்திரி புரோட்டாப் பொட்டலம். பிறந்தநாள் கொண்டாடுகிற பையன்கள் பிரியாணி கொடுத்து போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். பழைய சேலை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. கொடுக்க அவ்வளவு பேர் இருந்தார்கள். பெயர் என்ன என்று கேட்க ஆள் இல்லை, எந்த ஆபீசுக்கும் ஒரு போன்கூடப் போகவில்லை.

மதுரை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். நிலையத்துக்கு எதிரே எனக்கு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், கூடவே மனு எழுதித் தருவதும் உண்டு. பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, வாரிசு சான்று என்று நாள் முழுக்க "ஐயா, வணக்கம்" அடித்துக்கொண்டிருக்கிற ஆள். அதனால் இந்த விஷயத்தை நான் பார்த்த கோணமும் கொஞ்சம் காகிதக் கோணம்தான்.

நெடுஞ்சாலை ஊர்க்காரர்களுக்கு இந்த மாதிரி ஆட்கள் புதுசு இல்லை. சடை பிடித்த முடி, தோளில் மூட்டை, வெயிலோ மழையோ சாலையோரமாக நடந்துகொண்டே இருப்பார்கள். சில நாள் இருப்பார்கள், அப்புறம் காணோம். எங்கே போனார் என்று யாரும் தேடுவதில்லை. இந்த அம்மா போகவில்லை, ஏனென்றால் வலது காலில் புண். கணுக்காலுக்கு மேலே ஒரு துணியைச் சுற்றி வைத்திருந்தார், பக்கத்தில் போனால் வாடை அடிக்கும்.

முதலில் உற்றுப் பார்த்தது பூக்கார அக்கா. அவருக்குத்தான் அங்கேயே உட்கார்ந்து பார்க்க நேரம். "யண்ணே, நீங்கல்லாம் குடுக்குற பொட்டலத்தை அது திங்கிறதே இல்ல, நாய்க்குத்தான் போகுது. வாழைப்பழம் குடுத்தா மட்டும் வாங்கி உரிச்சுத் திங்கிது" என்றார். அப்புறம்தான் கவனித்தோம். பழம் சாப்பிடுவார், ஒட்டிய பாக்கெட்டில் இருக்கிற பிஸ்கட் சாப்பிடுவார், மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் வாங்குவார். யாரோ கை வைத்துப் பிரித்த எதுவும் ஆகாது. பின்னால் மருத்துவமனையில் சொன்னார்கள், சாப்பாட்டில் யாரோ விஷம் வைத்திருக்கிறார்கள் என்ற பயம் இந்த மனநோயில் சாதாரணமாம். அதாவது நாங்கள் அத்தனை பேரும் கொடுத்தது எங்கள் திருப்திக்கு. அவர் வயிற்றுக்குப் போனது பூக்கார அக்காவின் பழம். ஒருத்தருக்கு உதவ வேண்டும் என்றால் முதல் வேலை ஒன்றும் கொடுக்காமல் சும்மா இரண்டு நாள் பார்ப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: எங்கே தூங்குகிறார், எந்த நேரம் அமைதியாக இருக்கிறார், எதைக் கண்டு மிரள்கிறார், என்ன சாப்பிடுகிறார்.

காலில் புழு வைத்திருக்கிறது என்று அக்கா சொன்ன அன்றைக்குத்தான் டீ மாஸ்டர் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினார். வந்தார்கள், நல்ல பிள்ளைகள்தான், கிட்டே போனதும் அம்மா கத்திக்கொண்டு பஸ்களுக்கு நடுவே ஓட ஆரம்பித்துவிட்டார். வர மாட்டேன் என்கிறவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போக அவர்களுக்கு அதிகாரம் இல்லை. "போலீஸ் வேணும் சார், மெமோ வேணும், கூட வர ஒரு ஆளும் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சரி, ஸ்டேஷனுக்குப் போனோம். சித்திரைத் திருவிழா நேரம், பாதிப் பேர் மதுரைக்குப் பந்தோபஸ்து போயிருந்தார்கள். இருந்த ஏட்டையா சலிப்பாக, "இதெல்லாம் எங்க வேலை இல்லப்பா, ஏதாவது ஹோமுக்கு போன் போடுங்க, வந்து அள்ளிட்டுப் போவான்" என்றார். ஊரில் எல்லாரும் நம்புவதும் இதையேதான்: மனநிலை சரியில்லாதவர் என்றால் அது யாரோ ஒரு ஆசிரமத்துக்காரர் வேலை, அரசாங்கத்தின் வேலை இல்லை. இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. வேலை இல்லை என்று ஒருத்தர் சொன்னால் எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம்.

பார்த்தால் நேர் எதிராக இருந்தது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம். அதில் 100-வது பிரிவு முழுக்கக் காவல்துறையின் கடமைதான். மனநோய் இருப்பதாக நம்பக் காரணம் உள்ள, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஒருவர் ஸ்டேஷன் எல்லைக்குள் சுற்றித் திரிந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்கு மேல் போகாமல் பக்கத்து அரசு மருத்துவ நிறுவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. அங்கே அவரைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்வது மருத்துவ அதிகாரியின் பொறுப்பு. வீடு வாசல் இல்லாதவர் என்றால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேட வேண்டியதும் ஸ்டேஷன்தான். இன்னொரு பிரிவில், 18-ல், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், ஆதரவற்றவர்கள், வீடற்றவர்கள் ஆகியோருக்கு அரசு நிலையங்களில் மனநல சிகிச்சை இலவசம் என்று இருக்கிறது, கையில் அட்டை இருக்கிறதோ இல்லையோ.

இந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு போய் ஏட்டையாவிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் கதை. இரண்டு பிரதி மனு அடித்து, பிரிவு எண் போட்டு, கீழே டீ மாஸ்டர், பூக்கார அக்கா, மருந்துக்கடைக்காரர், நான் கையெழுத்துப் போட்டு, இன்ஸ்பெக்டர் இருக்கிற நேரம் பார்த்துக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பதிவு செய்ததற்கு ஸ்டேஷனில் எண் போட்டுத் தருகிற ரசீது, கேட்டோம். அவ்வளவுதான். வாயால் சொன்னது காற்றோடு போகும், ரசீது எண் விழுந்த காகிதத்துக்கு ஸ்டேஷனில் யாராவது ஒருத்தர் பதில் எழுதியே ஆக வேண்டும். இன்ஸ்பெக்டர் வாசித்துவிட்டு, "லேடி கான்ஸ்டபிள் திருவிழா டூட்டி முடிஞ்சு வரட்டும், ஆனா பேஷண்ட் கூட ஆஸ்பத்திரில இருக்க ஆள் நீங்க தரணும்" என்றார். நியாயமான பேரம். போலீஸ்காரர்களுக்குக் கல்நெஞ்சு என்று நான் நினைக்கவில்லை, ஒரு ஜீப், குறைந்த ஆள், விட்டுவிட்டு வந்தால் மருத்துவமனையில் "கூட யார்?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை நாம் வாங்கிக்கொண்டால் அவர்கள் நகர்கிறார்கள்.

இதற்கிடையில் இன்னொரு பிரச்சினை கிளம்பியது. பிள்ளை பிடிக்கிற வடக்கத்திக் கும்பல் வந்திருக்கிறது, பைத்தியம் மாதிரி வேஷம் போட்டுத் திரிகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ. ஊருக்குள் இரண்டு பேர் என்னிடமே வந்து, "அந்தம்மா மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை, 2018 மே மாதம் நடந்தது நினைவு இருக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளவும் முடியாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த குடும்பம், வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காக ஊரே கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். அதே வாரம் பழவேற்காட்டில் சாலையில் திரிந்த ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். மனநலம் பாதித்தவர் என்று செய்திகளில் வந்தது. அடித்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தவர்கள்தான். அதனால் அந்த ஆடியோவை எனக்கு அனுப்பிய ஒவ்வொருவருக்கும் நானே போன் பண்ணி, எழுதி அல்ல, வாயால், "அந்தம்மா பேர்ல ஸ்டேஷன்ல மனு இருக்கு, சி.எஸ்.ஆர். போட்டாச்சு, இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்" என்று சொன்னேன். வதந்தியை நீதிபோதனை சொல்லி நிறுத்த முடிவதில்லை, "இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்" என்கிற ஒரு வாக்கியம் நன்றாக நிறுத்துகிறது.

இன்னொரு பக்கம் பையன்கள். குளிப்பாட்டி மொட்டை போட்டு, புதுச்சேலை கட்டி, "முன்னால் – பின்னால்" வீடியோ எடுக்க, முடி வெட்டுகிற மிஷினோடு வந்துவிட்டார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை, இந்த மாதிரி வீடியோக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். பூக்கார அக்கா விளக்குமாற்றை எடுத்ததில் ஓடினார்கள். நாலு ஆம்பளைப் பையன்கள் சேர்ந்து ஒரு பொம்பளையைப் பிடித்துத் தலையை மழித்தால் அதற்குப் பெயர் சேவையா? நோயே இல்லாதவர்கூட மிரண்டுவிடுவார். தவிர, அந்த வீடியோ அவர் குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் இணையத்தில் கிடக்கும், அவர் ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள், நாளைக்கு அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்களும் பார்ப்பார்கள்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன், எங்களுக்கு உண்மையிலேயே வழி திறந்தது அங்கேதான். அவர் பேசுவது உளறல் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பானிபூரித் தள்ளுவண்டி வைத்திருக்கிற வடக்கத்திப் பையன் ஒருநாள் நின்று கேட்டுவிட்டு, "அண்ணா, இது ஹிந்தி இல்ல, ஆனா பாஷைதான். ஒடிசா ஆளுங்க பேசுற மாதிரி இருக்கு" என்றான். அவனே நாலுவழிச் சாலைக்குப் பக்கம் கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தான். அந்தக் கொத்தனார் செய்ததை நான் அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் கற்றுக்கொள்ள வேண்டியது அதில் இருக்கிறது. நேராகப் போய் முன்னால் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில், தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரிக்காமல் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். அவரைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடியே, "மௌசி" (நம் ஊர் சித்தி மாதிரி) என்று கூப்பிட்டு என்னமோ சொன்னார். அம்மா பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார். நாங்கள் அவர் முகத்தை நேராகப் பார்த்ததே அப்போதுதான். ரொம்ப நேரம் கழித்து ஒரு பதில் வந்தது. பெயர் சொன்னார், ஒரு கிராமத்தின் பெயர் சொன்னார். கஞ்சாம் மாவட்டப் பக்கம் என்றார் கொத்தனார், அவர் ஊரும் அதே மாவட்டம்தான். (அம்மாவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.)

பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று யாரை நினைத்து ஊர் பயந்ததோ அதே வடக்கத்திக்காரர்கள்தான் இதைச் செய்தார்கள். புவனேஸ்வரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு வாரம் ஒரு ரயில் இருக்கிறது, அதில் ஏறியிருப்பார் என்பது கொத்தனாரின் யூகம்.

எனக்கு உடனே போட்டோவை எடுத்து எல்லாக் குரூப்பிலும் போட வேண்டும் என்று கை அரித்தது. மருந்துக்கடைக்காரர்தான் தடுத்தார்: "என் சொந்தக்காரின்னு எவனாவது வந்து கூட்டிட்டுப் போனா?" சரியான கேள்வி. பெண் என்றால் இரண்டு மடங்கு சரியான கேள்வி. பெயர், ஊர், கணவர் பெயர் எல்லாவற்றையும் தாளில் எழுதி, மனுவோடு சேர்த்து ஸ்டேஷனில் கொடுத்தோம். போலீசிலிருந்து போலீசுக்குப் போனால் அங்கே உள்ளூர் ஸ்டேஷனில் ஆள் அடையாளம் சரிபார்த்துத்தான் அனுப்புவார்கள்.

திருவிழா முடிந்த வாரம் பெண் காவலர் வந்தார், கொத்தனாரும் வேலைக்குப் போகாமல் வந்தார். அவர் பேச, அக்கா கையைப் பிடிக்க, கத்தல் ஒன்றும் இல்லாமல் அம்மா வண்டியில் ஏறிவிட்டார். மூட்டைகளை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. துப்புரவுக்கு வந்தவர் குப்பை வண்டியில் தூக்கிப் போடப் போனார், பார்த்தால் குப்பைதான், காலி பாட்டில், கயிறு, கிழிந்த துணி. கூடவே கொண்டுபோகலாம் என்று பெண் காவலர் சொன்னது பெரிய புண்ணியம். ஆஸ்பத்திரியில் அதைப் பிரித்தபோது ரப்பர் பேண்ட் போட்ட காலி மாத்திரை அட்டைகள் இருந்தன. டாக்டர் அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பெயரைப் படித்துவிட்டு, "ஏற்கெனவே சிகிச்சையில இருந்தவங்க, மாத்திரை விட்டிருக்கு" என்றார். எந்த மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது அவருக்குப் பெரிய உதவி. மூட்டையைத் தூக்கி எறியாதீர்கள், அவரவர் ஜாதகமே அதற்குள் இருக்கலாம்.

மருத்துவமனை எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முதலில் கால் புண்ணுக்கு அறுவைப் பிரிவா, மனநலப் பிரிவா என்று இழுபறி. அட்டெண்டர், அதாவது கூட இருக்க ஆள், இல்லாமல் பெண்கள் வார்டில் வைக்கத் தயங்கினார்கள். இங்கே நாங்கள் முறை வைத்தோம்: பகலில் அக்காவின் மகள், ராத்திரி மாஸ்டர் வீட்டம்மா, மருந்துக்கடைக்காரர் வண்டிக்கு டீசல், நான் காகிதம். சேர்க்கைக்கு ஒப்புக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரை, நியமிக்கப்பட்ட பிரதிநிதி ஒருவரின் விண்ணப்பத்தில் 30 நாள் வரை சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அப்படி யாரும் இல்லாதவருக்குச் சமூக நலத்துறை அந்த இடத்தில் வரும். அந்தக் கடிதப் போக்குவரத்தும் என் தலையில்தான் விழுந்தது, சந்தோஷமாகவே செய்தேன், தெரிந்த வேலை. ஒருத்தரே எல்லாவற்றையும் சுமந்தால் இரண்டாம் வாரம் வீட்டில் சண்டை வரும், மூன்றாம் வாரம் ஆள் காணாமல் போவார். ஆளுக்கு ஒரு வேலை, அதுவும் அவரவருக்கு ஏற்கெனவே கைவந்த வேலை, அது மட்டும்தான் நீடிக்கிறது.

சில வாரத்தில் அவர் பேச்சு கோர்வையாக வந்தது. முடியை வெட்டிக்கொள்ளலாமா என்று வார்டில் கேட்டு, அவரே தலையாட்டி, பிறகு வெட்டினார்கள். குடும்பமும் கிடைத்தது, தம்பியும் மகனும் வந்தார்கள். மகன் என் கடை வாசலில் நின்று என்னமோ சொன்னான், கொத்தனார் அன்றைக்கு இல்லை, எனக்குப் புரியவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன். டாக்டர் அவர்களை உட்காரவைத்து ரொம்ப நேரம் பேசியது ஒரே விஷயம்: மாத்திரையை நிறுத்தாதீர்கள், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் மறுபடி ரயிலேறுவார். அவர்கள் ஊர்ப் பக்கம் எந்த அரசு மருத்துவமனையில் வாங்கலாம் என்று எழுதியும் கொடுத்தார்.

எல்லாருக்கும் இப்படி முடியும் என்று எண்ண வேண்டாம். ஊர் சொல்லத் தெரியாதவர்கள் உண்டு, சொன்னாலும் வேண்டாம் என்று சொல்கிற குடும்பங்கள் உண்டு. இந்த வேலையையே வாழ்க்கையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்: சென்னையில் 1993-ல் தொடங்கிய பான்யன் அமைப்பு, மகாராஷ்டிரத்தில் கர்ஜத்தில் இருந்துகொண்டு தெருவில் திரிந்தவர்களை வீடு சேர்த்து 2018-ல் மக்சேசே விருது பெற்ற டாக்டர் பரத் வாட்வானி. தமிழ்நாட்டில் சில மாவட்டங்களில் அரசே தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து இவர்களுக்கென்று அவசர சிகிச்சை, மீட்பு மையங்கள் நடத்துகிறது, உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்டால் தெரியும். என்ன செய்வது என்றே தெரியாவிட்டால் 14416-க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

ஆனால் "ஹோமுக்குப் போன் போடு" என்பதில் மட்டும் ஜாக்கிரதை. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது, 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் அனுமதி இல்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்தில் புகுந்து பார்த்தபோது ஆட்கள் காணாமல் போனது, கொடுமைப்படுத்தியது என்று வழக்குகள் வந்தன. சங்கிலி போடுவது இப்போது சட்டப்படி முழுத் தடை. மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், பதிவு எண் சொல்லத் தயங்கினால் போனை வைத்துவிடுங்கள். வேனில் வந்து அள்ளிக்கொண்டு போகட்டும், நம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்பதை உதவிக் கணக்கில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

இப்போது பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து அந்த மனு கேட்கிறார்கள், அதனால் இங்கேயே போட்டுவிடுகிறேன், பெயரும் தேதியும் மாற்றிக்கொள்ளுங்கள். போட்டோ வேண்டாம். சொந்தக் கருத்து, "பைத்தியம்" மாதிரி வார்த்தை எதுவும் வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

"பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள். ஐயா, வணக்கம். தங்கள் நிலைய எல்லைக்கு உட்பட்ட பேருந்து நிலையத்தில், சுமார் … வயது மதிக்கத்தக்க பெண்/ஆண் ஒருவர் … தேதி முதல் தங்கியுள்ளார். தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத நிலையில் உள்ளார். உடலில் உள்ள காயம்: … . பேசும் மொழி: … . மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 100-ன்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்கு ஒப்படைக்கவும், காணாமல் போனவர் என வழக்குப் பதிந்து குடும்பத்தைக் கண்டறியவும் கேட்டுக்கொள்கிறோம். மருத்துவமனையில் உடனிருக்க எங்களில் இருவர் தயாராக உள்ளோம். இம்மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது வழங்க வேண்டுகிறோம்."

"உடனிருக்க இருவர் தயார்" என்கிற வரியைத்தான் இன்ஸ்பெக்டர்கள் முதலில் படிக்கிறார்கள், அதனால் அந்த இரண்டு பேரின் போன் நம்பரைக் கீழே மறக்காமல் எழுதுங்கள். பெண்ணுக்காகக் கொடுக்கிற மனு என்றால் அந்த இருவரும் பெண்களாக இருக்கட்டும்.